தெருவிருந்துக்குப் போனால் ராஜபக்தர் ஆகிவிடுவோமா?

தேம்ஸ்கரை

எனக்கும் என் மகளுக்கும் 2023 மே மாதத்திலிருந்து முடியாத ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது, உங்களிடமும் கேட்டுப் பார்க்கலாம் என்று எழுதுகிறேன்.

அந்த மே 6, சனிக்கிழமை, வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் மூன்றாம் சார்லஸுக்கு முடிசூட்டினார்கள். மறுநாள் நாடு முழுக்கத் தெருவிருந்து. எங்கள் தெருவிலும் கார்களை எல்லாம் அப்புறப்படுத்திவிட்டு, வீட்டுக்கு வீடு மேசை நாற்காலி தூக்கி வந்து போட்டோம். நான் முடியாட்சி வேண்டாம் என்பவன். வாக்கெடுப்பு என்று ஒன்று வந்தால் யோசிக்காமல் குடியரசுக்குத்தான் போடுவேன். ஆனாலும் இந்த விளக்குக் கம்பத்திலிருந்து அந்த விளக்குக் கம்பத்துக்குத் தோரணம் கட்டியது நான்தான், ஏனென்றால் தெருவிலேயே நீள ஏணி என்னிடம்தான் இருக்கிறது.

என் மகளுக்கு அப்போது பதினேழு வயது. வாசலைத் தாண்டி வரவே மாட்டேன் என்றுவிட்டாள். "அந்த மேசையில் உட்கார்ந்தால் நானும் சரி என்று சொன்ன மாதிரி ஆகிவிடும் அப்பா" என்றாள். நான் சாப்பிடத்தானே போகிறோம் என்றேன். அவள் கேட்கவில்லை.

மேசையில் என் பக்கத்தில் எதிர்வீட்டு அம்மா. எண்பதை நெருங்கியவர். 1953-இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டுக்குப் பள்ளியில் கொடுத்த கோப்பையைக் கொண்டு வந்திருந்தார், விளிம்பு ஓரிடத்தில் உடைந்திருந்தது, அதில் தேநீர் ஊற்றக் கூடாது என்று என் கையைப் பிடித்துத் தடுத்தார். ஒரு மணி நேரம் பேசியிருப்பார். அதில் அரசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் சர்க்கரை பற்றித்தான். போருக்குப் பிறகும் சர்க்கரைக்கு ரேஷன் இருந்த காலம், முடிசூட்டு விழாவுக்கென்று தலைக்கு ஒரு ராத்தல் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள், அதை அவருடைய அம்மா எங்கே ஒளித்து வைத்தார், என்ன கேக் செய்தார் என்று.

என் கட்சி இதுதான்: இந்த மாதிரி மேசைகளில் உட்காருபவர்களை எல்லாம் எண்ணி "நாடே மன்னருக்காகத் திரண்டது" என்று எழுதுவது தப்பு. ஆனால் அப்படி எழுதுவார்கள் என்பதற்காக மேசைக்கே போகாமல் இருப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வரிகட்டுபவன்

உங்கள் மகள் பக்கம்தான் நான். உணர்ச்சியை விடுங்கள், கணக்கைப் பார்ப்போம். அந்த முடிசூட்டு விழாவுக்கு அரசாங்கம் செலவழித்தது 7.2 கோடி பவுண்டு, அதில் காவல்துறைச் செலவு மட்டும் 2 கோடிக்கு மேல். அதற்கு முந்தைய வருடம் அரசியின் இறுதிச் சடங்கும் அதைச் சேர்ந்த நிகழ்ச்சிகளும் சுமார் 16 கோடி. வீட்டில் ஹீட்டரைப் போடுவதா சமைப்பதா என்று ஜனங்கள் யோசித்துக்கொண்டிருந்த குளிர்காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. இது போக வருடா வருடம் அரசக் குடும்பத்தின் அலுவல் செலவுக்கு 'சாவரின் கிராண்ட்' என்று ஒரு தொகை. 2024-25-இல் 8.63 கோடி, அடுத்த வருடமே 13.21 கோடி. பாதுகாப்புச் செலவு இதில் சேராது, அது எவ்வளவு என்று சொல்லவும் மாட்டார்கள்.

ஓக்மரம்

7.2 கோடியை மக்கள்தொகையால் வகுத்துப் பாருங்கள் நண்பரே, தலைக்கு ஒரு பவுண்டுக்குச் சற்று மேல். எழுபது வருடத்துக்கு ஒருமுறை நடந்த விழா அது. குடியரசு நாடுகளில் ஜனாதிபதி பதவியேற்பு சும்மாவா நடக்கிறது? சாவரின் கிராண்ட் ஏன் ஏறியது என்றும் சொல்லியிருக்கலாம். கிரவுன் எஸ்டேட் என்கிற முடியின் நிலங்களை நிர்வகிக்கும் நிறுவனத்தின் லாபம் ஏறினால் அதுவும் ஏறும், கடலுக்குள் காற்றாலை போடக் குத்தகை விட்டதில் லாபம் 110 கோடிக்குப் போனது, அதனால் வந்தது. பக்கிங்ஹாம் அரண்மனையின் பழைய வயரிங், குழாய் எல்லாம் மாற்றுகிற வேலையும் அதிலிருந்துதான் நடக்கிறது. 1760-இல் மூன்றாம் ஜார்ஜ் அந்த நிலங்களின் வருமானத்தை அரசாங்கத்திடம் ஒப்படைத்ததிலிருந்து மிச்சமெல்லாம் கஜானாவுக்குத்தானே போகிறது.

வரிகட்டுபவன்

அந்த நிலம் மன்னரின் சொந்தச் சொத்து இல்லை, கிரவுன் என்ற பதவியோடு ஒட்டியது. அதை அவர் விற்கவும் முடியாது, பிள்ளைக்கு எழுதி வைக்கவும் முடியாது. "அவர் நமக்குக் கொடுக்கிறார், நாம் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கிறோம்" என்று சொல்வதே ஒரு மயக்கம். நீங்களும் நானும் அப்பா அம்மா விட்டுப்போனதுக்கு வாரிசு வரி கட்டுகிறோம், மன்னரிடமிருந்து மன்னருக்குப் போகிற சொத்துக்கு அது கிடையாது. வருமான வரிகூட 1993-இலிருந்து அவர்களாக விருப்பப்பட்டுக் கட்டுவது. விருப்பப்பட்டு! அடுத்து சுற்றுலா என்று சொல்வீர்கள். வெர்சாய் அரண்மனையில் ராஜா இல்லாமல் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது, கூட்டம் குறைந்த பாடில்லை.

மெர்சிநதி

பணக் கணக்கை நீங்கள் இரண்டு பேரும் பேசி முடியுங்கள். நான் லிவர்பூல். அதே மே 6 அன்று எங்கள் ஆன்ஃபீல்டு மைதானத்தில் பிரென்ட்ஃபர்டு அணியுடன் கால்பந்து ஆட்டம். தொடங்குவதற்கு முன் தேசிய கீதம் போடும்படி, சொந்த மைதானத்தில் ஆடும் எல்லா கிளப்புக்கும் பிரீமியர் லீக் அழுத்தமாகப் பரிந்துரைத்திருந்தது. நான் அரங்கத்தில் இருந்தேன். பாட்டு ஆரம்பித்த நொடியிலேயே கூச்சல், அதற்கு மேல் "லிவர்பூல், லிவர்பூல்" என்ற கோஷம், கடைசியில் பாட்டே காதில் விழவில்லை. என் பக்கத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், கை இரண்டையும் வாயருகே குவித்து ஊளையிட்டார், கண் கலங்கியிருந்தது. மறுநாள் பல இடங்களில் மரியாதை தெரியாத கூட்டம் என்று எழுதினார்கள்.

அந்த மனிதருக்கு மன்னர் மேல் தனிப்பட்ட கோபம் ஒன்றும் இல்லை என்று என்னால் அடித்துச் சொல்ல முடியும். 1989-இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் செத்தார்கள். பழியைச் செத்தவர்கள் மேலேயே போட்டார்கள், சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று ஒரு ஜூரி சொல்வதற்கு 2016 வரை ஆயிற்று. 27 வருடம். எங்கள் ஊரைப் பொறுத்தவரை அந்தப் பாட்டு என்பது மேலிடம். மேலிடம் நமக்காக வாய் திறக்கவில்லை, நாம் எதற்கு அதற்காக வாய் திறந்து பாட வேண்டும் என்பதுதான். இதைப் புரிந்துகொள்ளாமல் முடியாட்சிக்கு ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டு கட்டம் போட்டு எண்ணினால் எதுவும் விளங்காது.

தேம்ஸ்கரை

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், மறுபக்கத்திலிருந்து. அங்கே கூச்சல் போட்டது மன்னருக்கு எதிராக அல்ல, எங்கள் மேசையில் கேக் தின்றது மன்னருக்காகவும் அல்ல.

லீட்ஸ் செவிலி

நான் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022 செப்டம்பர் 19, அரசியின் இறுதிச் சடங்கு நாள், திடீர் விடுமுறை அறிவித்தார்கள். அப்போது நான் ஒரு மருத்துவமனையில் வெளிநோயாளர் பிரிவில் இருந்தேன். அன்றைக்கு நேரம் கொடுத்திருந்தவர்களை எல்லாம் அழைத்துத் தேதி மாற்ற வேண்டும், அந்த வேலை எனக்கும் இன்னொரு பெண்ணுக்கும் வந்தது. பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஃபோன். பெரும்பாலானவர்கள் "சரிம்மா, பரவாயில்லை, அவங்களுக்குச் செய்யத்தானே வேணும்" என்கிற தொனியில்தான் பேசினார்கள். ஒருவர் மட்டும் எதுவும் பேசவில்லை. ஸ்கேனுக்காகப் பதினொரு வாரம் காத்திருந்தவர். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது, அப்புறம் வைத்துவிட்டார். அவரை நான் மறக்கவில்லை.

என்னோடு அந்த ஃபோன் வேலையைப் பார்த்த பெண் இறுதிச் சடங்குக்கு முந்தைய வாரக் கடைசியில் லண்டனுக்குப் போனாள். சதர்க் பூங்காவில் கையில் பட்டி கட்டிக்கொண்டு வரிசையில் நின்று, பதின்மூன்று மணி நேரம் கழித்து வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் அரசியின் சவப்பெட்டியின் முன்னால் சில நொடி நின்று தலைகுனிந்துவிட்டு வந்தாள். இரண்டரை லட்சம் பேர் அப்படிப் போனார்களாம். ஏன் போனாய் என்று கேட்டேன். கோவிட் சமயத்தில் அவளுடைய பாட்டி இறந்தபோது அடக்கத்துக்கு அவளை விடவில்லை. "யாரையாவது ஒழுங்காக அனுப்பி வைக்கணும் போல இருந்தது" என்றாள். அவளும் முடியாட்சி வேண்டும் என்பவள் இல்லை. வேண்டாம் என்பவளும் இல்லை. அந்தக் கேள்வியே அவளிடம் இல்லை.

அதனால் யாரையும் எதிலும் சேர்த்து எண்ண எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த மௌனமான மனிதரையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். கொண்டாட்டமோ துக்கமோ, அதற்கு நாடு மொத்தத்தையும் நிறுத்துகிறபோது அந்த நிறுத்தத்தின் விலையைக் கட்டுவது யார் என்று கேட்டால், விழா எடுப்பவர்கள் இல்லை. 2012-இல் வைர விழாவுக்குத் தேம்ஸில் ஆயிரம் படகு விட்டார்களே, அதற்குக் காவல் நிற்க வேலையில்லாதவர்களைச் சம்பளமில்லாமல் பஸ்ஸில் கூட்டி வந்து, இரவில் லண்டன் பாலத்தடியில் தங்க வைத்தார்கள் என்று செய்தி வந்தது. மழை வேறு. மன்னர் குடும்பம் சொல்லி அப்படி நடக்கவில்லைதான். இருந்தாலும் அந்தப் படகுகளை நினைத்தால் எனக்கு முதலில் அந்தப் பாலத்தடிதான் நினைவுக்கு வருகிறது.

ஓக்மரம்

செவிலி அக்கா, அந்த மனிதரைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. அது தப்புதான், மருத்துவமனைகளை அந்த விடுமுறையிலிருந்து விலக்கியிருக்க வேண்டும்.

ஆனால் நான் ஏன் முடியாட்சியை ஆதரிக்கிறேன் என்று ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். கிரீடம், தங்க வண்டி எதுவும் எனக்குப் பெரிதில்லை. நாட்டின் உச்சியில் ஒரு நாற்காலி இருக்கிறது, அதில் எந்த அரசியல்வாதியும் உட்கார முடியாது, ஒரு நடுவர் மாதிரி, ஒரு காவல் மாதிரி. அவ்வளவுதான். பிரதமர் எத்தனை தொகுதி ஜெயித்தாலும் வாரம் ஒருமுறை இன்னொருவர் முன்னால் போய் உட்கார்ந்து நடந்ததைச் சொல்ல வேண்டும். நார்வே 1905-இல் சுவீடனிலிருந்து பிரிந்தபோது, மன்னர் வேண்டுமா என்று மக்களையே கேட்டார்கள், ஐந்தில் நான்கு பேர் வேண்டும் என்றார்கள். டென்மார்க், நெதர்லாந்து, ஜப்பான் எல்லாம் அடிமை நாடுகளா? 1981-இல் ஸ்பெயினில் ஆட்சியைக் கவிழ்க்க சிவில் கார்டு படையினர் நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்தபோது, நள்ளிரவு தாண்டித் தொலைக்காட்சியில் வந்து ஜனநாயகத்தின் பக்கம் நின்றவர் மன்னர் ஹுவான் கார்லோஸ்தான்.

பழங்கணக்கு

அதே ஹுவான் கார்லோஸ், நாடு வேலையின்மையில் தவித்த 2012-இல் போட்ஸ்வானாவுக்கு யானை வேட்டைக்குப் போய் இடுப்பை முறித்துக்கொண்டு வந்தார், 2014-இல் முடி துறந்தார், 2020-இல் பணவிவகார விசாரணைகளுக்கு நடுவே நாட்டைவிட்டே போய்விட்டார். ஒரு நல்ல இரவு நாற்பது வருடத்துக்குத் தாங்காது.

நடுவர் என்கிறீர்கள், சரி. 2019 ஆகஸ்டில் ஐந்து வாரம் நாடாளுமன்றத்தை ஒத்திவைக்கச் சொல்லி போரிஸ் ஜான்சன் கேட்டார், அரசி ஒப்புதல் கொடுத்தார். கொடுக்காமல் இருக்க அவரால் முடியாது, அதுதான் மரபு. செப்டம்பர் 24-ஆம் தேதி பதினொரு நீதிபதிகளும் ஒருமனதாக அந்த ஒத்திவைப்பு செல்லாது என்றார்கள். அன்றைக்கு நடுவர் வேலையைப் பார்த்தது நீதிமன்றம். விசில் ஊத முடியாத ஒருவருக்கு நடுவர் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

கொண்டாட்டம் பற்றி ஒன்று. அதன் வலிமையைத் தேம்ஸ்கரை குறைத்து மதிப்பிடுகிறார் என்று நினைக்கிறேன். 1861-இல் கணவர் இறந்த பிறகு விக்டோரியா அரசி பல வருடம் வெளியிலேயே வரவில்லை. அரண்மனை வாசலில் 'விற்பனைக்கு அல்லது வாடகைக்கு' என்கிற பொருளில் யாரோ அறிவிப்பு மாட்டினார்கள். 1871-இல் சார்லஸ் டில்க் என்ற எம்.பி. நியூகாசிலில் மேடையேறி இந்தக் குடும்பத்துக்கு ஆகிற செலவைக் கேள்வி கேட்டார், ஊர் ஊராகக் குடியரசுச் சங்கங்கள். உண்மையிலேயே ஆட்டம் கண்ட நேரம் அது. அந்த வருடக் கடைசியில் இளவரசருக்கு டைபாய்டு, சாகக் கிடந்து பிழைத்தார். 1872 பிப்ரவரியில் செயின்ட் பால் பேராலயத்தில் நன்றி வழிபாடு, வழியெல்லாம் ஜனக்கூட்டம். அதோடு அந்த இயக்கத்தின் காற்று போனது. அன்று தெருவில் நின்றவர்களில் எத்தனை பேர் வேடிக்கை பார்க்க வந்தார்களோ, எத்தனை பேருக்கு வீட்டில் டைபாய்டில் போன பிள்ளை நினைவில் இருந்ததோ, யார் கேட்டார்கள்? கூட்டம் கூட்டமாகத்தான் எண்ணப்பட்டது. உங்கள் மகள் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

எடின்பரோ மழை

முடிசூட்டில் மன்னர் தலையில் வைத்த அந்த கிரீடம் புராதனமானது என்று நினைக்கிறவர்களுக்கு: இடைக்காலத்து எட்வர்டு கிரீடத்தை 1649-இல் முதலாம் சார்லஸின் தலையை வெட்டிய பிறகு உருக்கிவிட்டார்கள். இப்போது இருப்பது 1661-இல் செய்தது, இரண்டு கிலோவுக்கு மேல். பதினோரு வருடம் இந்த நாடு மன்னர் இல்லாமல் இருந்திருக்கிறது என்பதற்கு அந்தப் புதுக் கிரீடமே சாட்சி. ஸ்காட்லாந்து மன்னர்கள் முடிசூடப் பயன்பட்ட எங்கள் ஸ்கோன் கல்லை 1296-இல் ஆங்கிலேயர்கள் எடுத்துக்கொண்டு போய் 1996-இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள், முடிசூட்டுக்கு மறுபடியும் லண்டனுக்கு ஏற்றிப் போனார்கள். நல்லவேளை, இந்த முறை திரும்பி வந்துவிட்டது.

வடமராட்சி

நான் இருபது வருடமாக இங்கே இருக்கிறேன். இலங்கைத் தமிழன். இரண்டு விஷயம் சொல்ல வேணும்.

முதலாவது, எங்கட நாட்டுக்கும் எலிசபெத்தான் அரசி, 1972 மே 22 வரை. முடி ஒரு காவல் என்று ஓக்மரம் அண்ணா சொல்கிறார், அந்தக் காவலை எங்கட சனம் சோதித்துப் பார்த்தது. 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழரில் பெரும்பான்மையோர் நாடற்றவராக்கப்பட்டார்கள். அந்தச் சட்டம் நிறைவேறியதும் மன்னரின் பெயரால்தான், மன்னரின் பிரதிநிதி ஒப்பமிட்டுத்தான். சிறுபான்மைக்குப் பாதுகாப்பு என்று சோல்பரி அரசியலமைப்பில் 29-ஆம் பிரிவு இருந்தது, அதை நம்பி லண்டனில் பிரிவி கவுன்சில் என்ற கடைசி மேல்முறையீட்டு மன்றம் வரைக்கும் போனார்கள். 1953-இல், அதாவது எதிர்வீட்டு அம்மாவுக்குக் கோப்பை கிடைத்த அதே வருடம், சட்டம் செல்லும் என்று தீர்ப்பு. பிறகு 1972-இல் குடியரசு ஆனபோது அந்த 29-ஆம் பிரிவும் போய்விட்டது, பௌத்தத்துக்கு முதலிடம் வந்தது. ஆகவே மன்னர் இருந்தும் காக்கவில்லை, மன்னர் போனதாலும் விடிவு வரவில்லை. குடியரசு என்ற சொல்லைக் கேட்டவுடனே எனக்குப் புல்லரிக்காது, அரசி என்ற சொல்லுக்கும் புல்லரிக்காது.

இரண்டாவது, குடியுரிமைச் சத்தியம். நகரசபை மண்டபத்தில் சுவரில் அரசியின் படம், எங்களை வரிசையாக நிற்க வைத்து, அவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் வழித்தோன்றல்களுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று சொல்லச் சொன்னார்கள். அதன் பிறகுதான் இந்த நாட்டுக்கும் அதன் உரிமைகளுக்கும் ஜனநாயகத்துக்கும் உறுதிமொழி. எனக்கு முன்னால் நின்ற சோமாலியப் பெண் இடுப்பில் பிள்ளையோடு அழுதுகொண்டே சொன்னார். எனக்கும் தொண்டை அடைத்தது. அது அரசிக்காக அல்ல, இனி யாரும் எங்களைத் திருப்பி அனுப்ப ஏலாது என்பதற்காக. ஆனால் சொன்ன சொல் என்னவோ வாரிசுகளுக்கும் சேர்த்துத்தான். இங்கே பிறந்தவர்கள் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லிக் குடியுரிமை வாங்கவில்லை. 2023-இல் டிவி முன்னால் இருந்தபடி மன்னருக்குச் சத்தியம் செய்யலாம் என்று எல்லாரையும் அழைத்தபோது எவ்வளவு கோபம் வந்தது இங்கத்தைய ஆட்களுக்கு! எங்களுக்கு அது ஒரு நிபந்தனையாக இருந்தது, யாரும் கோபப்படவில்லை.

லீட்ஸ் செவிலி

நானும் அதே சத்தியத்தைச் சொன்னவள். இதுவரை அதை இப்படி யோசித்ததே இல்லை. நன்றி தம்பி.

வரிகட்டுபவன்

சத்தியம் என்றதும் ஞாபகம் வந்தது. முடிசூட்டு நாள் காலையில் டிரஃபால்கர் சதுக்கத்துக்குப் பக்கத்தில் முடியாட்சியை எதிர்க்கும் ரிபப்ளிக் அமைப்பின் ஆட்களைப் பதாகைகளை இறக்கும்போதே கைது செய்தார்கள். அதற்கு நான்கு நாள் முன்னால்தான் புதிய பொது ஒழுங்குச் சட்டத்துக்கு மன்னரின் ஒப்புதல் கிடைத்திருந்தது. பதாகை கட்டி வைத்திருந்த பட்டிகளை, போராடுபவர்கள் தங்களை எதனோடாவது பிணைத்துக்கொள்ளும் பூட்டுச் சாதனம் என்றார்கள். பல மணி நேரம் உள்ளே வைத்துவிட்டு, பிறகு வழக்கு இல்லை, வருந்துகிறோம் என்றது காவல்துறை. விழாவோ முடிந்துவிட்டது.

ஓக்மரம்

அந்தக் கைது வெட்கக்கேடு. மன்னரை ஆதரிப்பவனாக நான் அதைச் சொல்வேன். வேண்டாம் என்று உரக்கச் சொல்ல முடிகிற நாட்டில்தான் மன்னர் இருப்பதற்கு மரியாதை. தாய்லாந்தில் மாதிரி ஒரு வார்த்தைக்கு மூன்றிலிருந்து பதினைந்து வருடம் சிறை என்றால் அங்கே யார் கொண்டாடுகிறார்கள், யார் பயப்படுகிறார்கள் என்று எப்படித் தெரியும்?

ஆனால் ஒன்று கேட்கிறேன், குடியரசு வேண்டும் என்பவர்கள் எந்த மாதிரிக் குடியரசு என்று சொல்வதே இல்லை. ஆஸ்திரேலியா 1999-இல் வாக்கெடுப்பு நடத்தியது. நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும் ஜனாதிபதி என்றார்கள். நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற குடியரசுவாதிகளில் பலர் எதிர்த்துப் போட்டார்கள், கிட்டத்தட்ட 55 சதவீதம் வேண்டாம் என்று ஆனது. அந்தக் கேள்விக்கு இங்கே யாரிடமாவது பதில் உண்டா?

பழங்கணக்கு

என்னிடம் உண்டு. பார்படோஸ் 2021 நவம்பர் 30-ஆம் தேதி செய்தது. ஏற்கெனவே இருந்த கவர்னர் ஜெனரலையே நாடாளுமன்றம் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தது. அன்றைய இளவரசர் சார்லஸே நேரில் போய் உட்கார்ந்து அதைப் பார்த்தார். யாரும் யாரையும் அவமதிக்கவில்லை. ஆனால் அங்கே மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தவில்லை என்பது எனக்குக் குறையாகத்தான் படுகிறது.

மெர்சிநதி

தேம்ஸ்கரை, உங்களுக்கு ஒரு யோசனை. 'பிக் லஞ்ச்' என்ற தெருவிருந்து ஒவ்வொரு ஜூனிலும் நடக்கிறது, ஈடன் புராஜெக்ட் என்ற சூழலியல் அமைப்பு 2009-இல் ஆரம்பித்தது. அது மன்னருக்காக ஆரம்பித்தது இல்லை, முடிசூட்டு வருடத்தில் அதன் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். உங்கள் தெருவில் ஜூனில் வைத்துப் பாருங்கள். வருகிற கூட்டம் பாதியாகக் குறைகிறதா என்று தெரிந்துவிடும், நீங்கள் சொல்வது சரியா மகள் சொல்வது சரியா என்று.

தேம்ஸ்கரை

இந்த வாரம் முழுக்க இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வடமராட்சி எழுதியதை மகளிடம் வாசித்துக் காட்டினேன். நானும் அவளுடைய அம்மாவும் அந்தச் சத்தியத்தைச் சொல்லியவர்கள்தான், அவள் இங்கே பிறந்தவள், சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அப்போ நீங்கள் சொன்னதை நம்பிச் சொன்னீர்களா?" என்று கேட்டாள். நம்பவில்லை, தேவைப்பட்டது, சொன்னேன் என்றேன். "அதே மாதிரிதான் தோரணமும் கட்டினீர்கள்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பழங்கணக்கு சொன்னதும் அதேதான்: நான் என்ன நினைத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன் என்று தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியாது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன், முன்பு ஒப்புக்கொள்ளவில்லை.

இருந்தாலும் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து சர்க்கரைக் கதை கேட்டதற்கு நான் வருத்தப்படப் போவதில்லை.

மெர்சிநதி சொன்னதைத் தெருவில் கேட்டேன். ஜூன் முதல் ஞாயிறு, ஒன்பது வீடு வருகிறோம் என்றிருக்கிறார்கள், முடிசூட்டுக்கு இருபத்திரண்டு. தெருவை அடைக்க கவுன்சிலுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. கொடித் தோரணம் இல்லையென்றால் வருகிறேன் என்று மகள் சொல்கிறாள். பழைய திரைச்சீலையை முக்கோணமாக வெட்டித் தைத்துத் தருவதாக எதிர்வீட்டு அம்மா சொல்லியிருக்கிறார், ஊசியில் நூல் கோர்க்க மட்டும் யாராவது வர வேண்டுமாம். சனிக்கிழமை மகள் போகிறாள்.